வடக்கே இருக்கும் தெற்கு

யாங்கோனில் எங்கள் தாமுவே வீட்டிலிருந்து நேர் வடக்கே போனால் தெற்கு ஒக்கலாப்பா வரும். அதையும் தாண்டி வடக்கே போனால் வடக்கு ஒக்கலாப்பா. பெரிய சாலை முக்கில் தலைக்கு மேலே நிற்கும் பச்சைப் பலகையில் இரண்டுக்கும் ஒரே அம்புக்குறிதான் போட்டிருக்கிறது, நேராகப் போ என்று. தெற்கு டகோனுக்கு வலப்பக்கம் அம்பு. அதுவோ எங்களுக்குக் கிழக்கே கிடக்கிறது. வெளியூரிலிருந்து வண்டி ஓட்டி வருகிறவன் அந்தப் பலகையைப் பார்த்துத் தலை சுற்றி நிற்பான். யாங்கோன்காரர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேட்டைக்குத் தெற்கு என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான் என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

என் அப்பா மட்டும் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையில் தெற்கு என்று போட்டிருந்தால் அவருக்கு அது தெற்குதான். முப்பது வருஷம் யாங்கோனுக்கும் மண்டலேக்கும் லாரி ஓட்டியவர். "ரோட்டுல மனுசன்ட்ட வழி கேட்டா மாத்திச் சொல்லுவான், போர்டு மாத்திச் சொல்லாது" என்பார். எழுத்தில் இருப்பது எதுவானாலும் அவருக்கு வேதம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பர்மிய எழுத்து மட்டும்தான் வாசிக்கத் தெரியும். இங்கேயே பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழ் பேசுவார், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கோவிலில் கொடுக்கும் தமிழ்க் காலண்டரைத் தினம் காலையில் கிழித்து அவருக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை.

அந்தக் காலண்டரின் அடியில் சூலம் போட்டிருக்கும். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் பயணம் போகக் கூடாது என்ற கணக்கு. திங்களும் சனியும் கிழக்கே ஆகாது. செவ்வாயும் புதனும் வடக்கே ஆகாது. வியாழன் தெற்கு. வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. போயே தீர வேண்டுமென்றால் அதற்குப் பரிகாரமும் பக்கத்திலேயே இருக்கும். கிழக்கே போகிறவன் தயிர், மேற்கே போகிறவன் வெல்லம், வடக்கே பால், தெற்கே எண்ணெய். அதை வாயில் வைத்துக்கொண்டோ தலையில் தடவிக்கொண்டோ கிளம்பினால் தோஷம் போய்விடும். லாரி ஓட்டிய காலத்தில் அப்பா இந்த நாலையும் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

சூலத்தையும் பச்சைப் பலகையையும் சேர்த்துப் பார்த்ததுதான் அவர் செய்த கோளாறு. செவ்வாய்க்கிழமை வடக்கு ஒக்கலாப்பாவில் யார் வீட்டு விசேஷமானாலும் போக மாட்டார். அதே செவ்வாய்க்கிழமை, அதே சாலையில், அதே பஸ்ஸில், சில நிறுத்தங்களுக்கு முன்னால் இறங்கித் தெற்கு ஒக்கலாப்பாவுக்குச் சந்தோஷமாகப் போய் வருவார். சிறு வயதில் அக்காவும் நானும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் காதில் விழுந்தால் இரண்டு பேருக்கும் முதுகில் ஒன்று விழும்.

சிரிப்பெல்லாம் அக்கா இருந்த வரைக்கும்தான். அவள் ஒரு பர்மியப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். போய்க் குடியிருந்தது தெற்கு ஒக்கலாப்பாவில். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அப்பா பதினேழு வருஷம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. யாராவது கேட்டால், "அவ இருக்குற தெரு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது" என்பார். அம்மா சாகும்போதும் அக்காவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவள் ஓடியதால் எனக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் ஓடினார்கள். லத்தா பேட்டையில் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், அம்மா போன பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டு அப்பாவுக்குச் சோறு ஆக்கிப் போட ஆரம்பித்தேன். இதையெல்லாம் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இனி சொல்லப் போவதற்குப் பிறகு அப்படி யாரும் நினைக்கப் போவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குடல்வால் வெடிக்கிற நிலை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் டாக்சியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உடனே ஆபரேஷன். கையெழுத்துப் போட அப்பா வரவில்லை. ஆஸ்பத்திரி மேற்கே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். மேற்கே போக வெல்லம்தான் பரிகாரம். எங்கள் வீட்டில் பனைவெல்லக் கட்டி இல்லாத நாளே கிடையாது. வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு நாள் முழுவதும் அதைத்தான் கடித்துக்கொண்டிருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கடித்துக்கொண்டுதான் இருந்தார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள். வெல்லம் வாயில் இருந்தது, ஆனாலும் எனக்காக அவர் கிளம்பவில்லை. ஆபரேஷன் காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் செய்தாள். என் நம்பர் அவளிடம் எப்போதும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை பேசிக்கொள்வோம், அப்பாவுக்குத் தெரியாமல். அவளுக்குக் கிட்னி கெட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குரலே அவள் குரலாக இல்லை.

"நாளைக்கு அப்பாவ கூட்டிக்கிட்டு வா குட்டி. பாக்கணும்னு இருக்கு" என்றாள். "நாளைக்குன்னா நல்லது. வியாழக்கெழமைன்னா அவரு வர மாட்டாரு."

எனக்குப் புரிந்தது. பலகையில் தெற்கு என்று இருக்கிறது, வியாழக்கிழமை தெற்குச் சூலம். சாகக் கிடக்கிறவள் அப்பாவின் கணக்கைப் பார்த்து எனக்கு நாள் குறித்துக் கொடுக்கிறாள். அவரைப் பதினேழு வருஷமாகப் பார்க்காதவள் அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள்.

அப்பாவிடம் சொன்னேன். கத்துவார், தட்டை வீசுவார் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அதற்கு ஆசைப்படவும் செய்தேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்தார். கரண்ட் இல்லாத நாளில் நாங்கள் இஸ்திரி போடுவது அப்படித்தான்.

புதன்கிழமை காலையில் அந்தச் சட்டையோடும், இடுப்பில் புது லொஞ்சியோடும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எண்பது வயதுக்காரர் தானாகவே முகம் மழித்து, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க அவர் வந்தது கிழிந்த பனியனோடு.

"டாக்சிய கூப்புடு புள்ள" என்றார்.

"கூப்புடுறேன்" என்று போனைக் கையில் எடுத்தேன். டாக்சியைக் கூப்பிடவில்லை. போனில் திசை காட்டும் முள் ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

"அப்பா, ஒங்க போர்டு சொல்றது பேரு. தெக்கு ஒக்கலாப்பா இருக்குறது நமக்கு வடக்கால. இந்தா பாருங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு. நாம போற ரோடு இந்தப் பக்கம். இன்னிக்குப் புதன். வடக்க சூலம்."

இருபது வருஷமாக இதைச் சொல்லியிருக்கலாம். சிரிப்பதற்காக மட்டுமே வைத்திருந்த உண்மையை அன்றைக்கு எடுத்து வீசினேன். பொய் சொல்லவில்லை என்ற திருப்தியும் இருந்தது. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் அந்த இடத்திலேயே போய் நின்றது. முகம் சுருங்கியது. இதோடு விட்டது, சட்டையைக் கழற்றிவிட்டு வெல்லத்தைக் கடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பால் இருக்கா?" என்றார்.

அவளுக்காக உடனே பரிகாரம் கேட்கிறார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. எனக்காக வர அவர் வாயில் இருந்த வெல்லம் போதவில்லை, அவளுக்காகப் பாலைத் தேடுகிறார். என் உடம்பெல்லாம் எரிந்தது. பாலும் இல்லாமல் இல்லை. முதல் நாள் இந்திக்காரப் பால்காரர் ஊற்றிவிட்டுப் போனது அடுப்படியில் காய்ச்சி வைத்திருந்தது.

சுவரில் இருந்த காலண்டர் முன்னால் போய் நின்றேன். சூலம் வடக்கு, பரிகாரம் பால். அவ்வளவுதான் அதில் இருந்தது. நான் நிறுத்தி நிதானமாக வாசித்தேன், தினமும் வாசிக்கிற அதே குரலில்.

"சூலம் வடக்கு. பரிகாரம் பால். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பரிகாரம் செய்தாலும் தோஷம் நோயாளியையே சேரும்."

"அப்புடியா போட்டிருக்கு?"

"ஆமா. நீங்க குடிச்சா அது ஒங்களுக்கு. அவளுக்கு யாரு குடிப்பா?"

கடைசி வார்த்தைகள் காலண்டரிலும் இல்லை, நான் யோசித்து வைத்ததும் இல்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டையைக் கழற்றவில்லை. மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார்.

அக்காவுக்கு நானே போன் செய்தேன். இன்றைக்கு அப்பாவுக்குச் சரிப்படாதாம் என்றேன்.

"ஏன்? தெக்குக்கு நாளைக்குத்தானே சூலம்?"

"வயசாயிருச்சுல்ல, இப்ப வேற மாதிரி பாக்குறாரு."

அப்புறம், "சரி குட்டி, வெள்ளிக்கெழமை கூட்டியா" என்றாள். எனக்கு அப்போது நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நான் ஒரு நாள் காத்திருந்தேன், அவள் இரண்டு நாள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். செத்துப்போகட்டும் என்று நினைக்கவில்லை. இரண்டு நாளைக்குத்தான் கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் அக்கா புருஷன் போன் செய்தான். எனக்குப் பர்மியமும் தமிழும் ஒன்றுதான், ஆனால் அவன் அழுதுகொண்டு பேசியதில் பாதி புரியவில்லை. மூச்சு இழுக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்பது மட்டும் புரிந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"கெளம்புங்க. இப்பவே போவோம்."

அவர் நகரவில்லை. "இன்னிக்கு வியாழன். போர்டுல தெக்குன்னு இருக்கு."

"அது வடக்குன்னு நேத்துதான் காட்டுனேனே! வியாழக்கெழமை வடக்க போகலாம். ஒண்ணும் இல்ல."

"போனு வடக்குங்குது. அரசாங்கம் எழுதுன போர்டு தெக்குங்குது. எது நெசம்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்றார். "என் உசுருன்னா நான் போயிருவேன் புள்ள. அவ உசுரு. போர்டு சொல்றது நெசமா இருந்து நான் போனா, தோசம் அவளத்தானே சேரும்? நீதானே வாசிச்ச?"

எண்ணெய் தடவிக்கொண்டு போகலாம் என்றேன். "அவளுக்கு யாரு தடவுவா?" என்று கேட்டார். என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார், கிண்டலாக அல்ல, பயந்துபோய்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். காலண்டரில் அப்படி எதுவும் இல்லை, நான் இட்டுக்கட்டினேன் என்று சொன்னால் அவர் எழுந்து ஓடியிருப்பார். வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் இந்த ஆள் மிச்சமிருக்கிற நாளெல்லாம் என்னை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தேன். அக்காவின் மூச்சு ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டேன். நான் மட்டுமாவது போயிருக்கலாம் என்று கேட்பீர்கள். அப்பா இல்லாமல் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"நாளைக்கு வெள்ளி. மேக்க மட்டுந்தான் சூலம். அது வடக்கா இருந்தாலும் சரி, தெக்கா இருந்தாலும் சரி, ஒரு தோசமும் இல்ல. விடிஞ்சதும் போயிருவோம்" என்றார் அப்பா. அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். அதே வெள்ளைச் சட்டை, மூன்றாவது நாள். டாக்சியில் அப்பா முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பச்சைப் பலகை வந்ததும் குனிந்து அண்ணாந்து பார்த்து, வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். தெற்கு ஒக்கலாப்பா, நேரே. அதைத் தாண்டியதும் வெயில் அவர் வலது கன்னத்தில் அடித்தது. கையை நெற்றியில் வைத்து மறைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு அந்த வெயிலையே பார்த்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்குக் காலை வெயில் எந்தப் பக்கம் அடித்தால் வண்டி எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்குமா? பலகையைப் பார்த்துப் பார்த்தே அதை மறந்திருந்தார்.

"வடக்கதான் போறோம்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நேத்து வந்திருக்கலாம்" என்றார்.

அந்தத் தெருவுக்குள் டாக்சி திரும்பும்போதே வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. விடியற்காலையில் போய்விட்டாளாம். எங்களுக்குச் சொல்வதற்குள் அக்கா புருஷனின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டதாம். பாயில் கிடத்தியிருந்தார்கள். அப்பாவின் மூக்கும் நெற்றியும் அப்படியே அவளுக்கு. அப்பா அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. பிறகு ஒன்றுதான் சொன்னார்.

"தலைய தெக்க வைக்கணும்."

எங்கள் ஆட்கள் பிணத்தைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவார்கள். நான் கை நீட்டித் திசை காட்டப் போனேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. பதினேழு வருஷமாகப் பேசாத மருமகனைப் பார்த்துப் பர்மியத்தில் கேட்டார், தெற்கு எந்தப் பக்கம் என்று. அவன் வாசலைக் காட்டினான். எங்கள் வீடு இருக்கிற பக்கம். நாலு பேர் பாயோடு தூக்கி அவளைத் திருப்பி வைத்தார்கள்.

அவன்தான் பிறகு என்னிடம் சொன்னான். புதன்கிழமை காலையில் அவள் தலை வாரிவிடச் சொன்னாளாம். வாசலுக்கு எதிரே கட்டிலை இழுத்துப் போடச் சொல்லி, நான் போன் செய்த பிறகும் கதவைச் சாத்த விடவில்லையாம். அப்பா மனசு மாறி வந்தாலும் வருவார் என்று சொன்னாளாம். அவன் என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். பலகையெல்லாம் இப்போது பார்ப்பதில்லை, வெளியிலேயே போவதில்லை. ஆனால் புதன்கிழமை தவறாமல் என்னைக் காலண்டர் முன்னால் நிறுத்துகிறார். அந்த நோயாளி வரியை வாசிக்கச் சொல்கிறார். நானும் வாசிக்கிறேன், ஒரு சொல் மாறாமல். அது அவ்வளவு நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது. பிறகு இரண்டு டம்ளர் பால் கேட்பார். ஒன்றைக் குடித்துவிட்டு, "இது எனக்கு" என்பார். இன்னொன்றைக் கையில் எடுத்து, "இது அவளுக்கு. நான்தானே குடிக்கணும்" என்று சொல்லி அதையும் குடிப்பார். பால் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாயங்காலம் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்.

போன புதன்கிழமை வாசித்து முடித்ததும் கிட்டே வந்தார். "எங்க, அந்த எடத்தக் காட்டு" என்றார். சூலம் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தேன். என் விரலை ஒதுக்கிவிட்டுத் தன் விரலை அங்கே வைத்து, எழுத்துகளுக்கு அடியில் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். சீக்கிரமே விரல் வெள்ளைத் தாளுக்கு வந்துவிட்டது.

"நாலு சொல்லுதான் இருக்கு" என்றார். "நீ ரொம்ப நேரம் வாசிக்கிற."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பால் கொண்டா" என்றார். "அடுத்த புதங்கெழமையும் வாசிக்கணும்."